கம்பத்துக்குக் கம்பம் ஒரு செபம்

ஸ்டானிஸ்லாஸ் நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுக்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே தரையில் விசிறினான். அது சிமெண்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு போய், அரிசி டின்னுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சறுக்கிய தூரம் இரண்டரை முழம் என்று மரியபுஷ்பத்தின் மனம் அவளைக் கேட்காமலே அளந்துவிட்டது. அந்த மனதை ஒரு அதட்டு அதட்டி உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "என்னாச்சுங்க?" என்றாள்.

"மூணாவது தடவை. மறுபடியும் சிவப்புப் பென்சில்."

அவன் மைசூர் ரயில் பட்டறையில் பிரேக் ஃபிட்டர். ஒன்பது வருஷமாக வண்டிகளுக்கு வாக்குவம் பிரேக் பூட்டுகிறவன். பட்டறை மகாராஜாவின் ரயிலுக்குச் சொந்தமாக இருந்தவரை, கை சுத்தமும் வேலை சுத்தமும் இருந்தால் மேலே போகலாம். சுதந்திரம் வந்து, சின்ன ரயில்களெல்லாம் பெரிய ரயில்வேயில் கலந்த பிறகு, எதற்கெடுத்தாலும் பரீட்சை. சார்ஜ்மேன் ஆக வேண்டுமா, மாலை வகுப்புக்கு வா, பிசிக்ஸ் படி, வீட்டுக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டு. எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டவன் பெயர்தான் பரீட்சைப் பட்டியலில் ஏறும். பட்டியல் வரும் திங்கட்கிழமை போகிறது. இன்றைக்கு வியாழன்.

அவன் மாட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கணக்கில். இருபது டன் வண்டி ஒன்று மணிக்கு இருபது மைல் வேகத்தில் ஓடுகிறது. பிரேக் போட்டால் இருநூறு அடியில் நிற்கிறது. அதே வண்டி, அதே பிரேக், வேகம் மட்டும் நாற்பது மைல் என்றால் எத்தனை அடியில் நிற்கும்? ஸ்டானிஸ்லாஸ் நானூறு என்று எழுதினான். சிவப்புப் பென்சில் குறுக்கே ஓடியது. தெளிவாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் பெரிய எழுத்தில் நானூறு என்று எழுதினான். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தடவை நானூறு அடி என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தான்.

எண்ணூறு என்பது மரியபுஷ்பத்துக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, வாயைத் திறக்காமல், மனசுக்குள் ஒரே மூச்சில் போட்டுவிட்டாள். தெரிந்ததைச் சொல்ல முடியாததுதான் அவளுடைய வினை.

அந்த வினையைத் தேடிவைத்தவர் அவளுடைய அப்பா. கொள்ளேகாலத்துக்கு அப்பால், அனூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் பள்ளிக்கூடத்தில் பர்னபாஸ் வாத்தியார் என்றால் பொய் சொல்லாதவர் என்று பெயர். அவர் மகளைத் திருச்சியில் கன்னியாஸ்திரிகளிடம் விட்டு இண்டர்மீடியட் வரை படிக்க வைத்தார். அவளும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு என்று எடுத்து முதல் வகுப்பில் தேறிவிட்டு வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சுற்று வட்டாரத்தில் இண்டர் படித்த மாப்பிள்ளை ஒருவனும் இல்லை. படிக்காத மாப்பிள்ளைகளுக்கு இண்டர் படித்த பெண் வேண்டாம். மூன்று இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவது வீட்டுக்காரி, "இண்டர் படிச்ச பொண்ணு எங்க பையனுக்குக் காபி போட்டுக் கொடுக்குமா, இல்ல காபித்தூளுக்குக் கணக்குக் கேக்குமா?" என்று பந்தியில் வைத்தே கேட்டாள். நாலாவதாக மைசூரிலிருந்து ஸ்டானிஸ்லாஸின் அக்கா, நர்ஸ் மோலி, ஜாதகத்துக்குப் பதில் ஒரு நிபந்தனையோடு வந்தாள். தம்பி எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தோற்றுப்போனவன், படிப்பு என்றால் சுருக்கென்று தைக்கும், பெண் அவனைவிடக் குறைவாகப் படித்திருந்தால் நல்லது என்றாள். பர்னபாஸ் வாத்தியார் ஒரு நிமிஷம் சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்தார். பிறகு, "எட்டாவது" என்றார். ஐந்து வருஷப் படிப்பு ஒரே சொல்லில் போயிற்று. கதவுக்குப் பின்னால் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலாவது இடமும் தட்டிப்போனால் அப்பா தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

போனால் போகிறது, பொய்யோடு வாழப் பழகிக்கொள்ளலாம் என்றுதான் மைசூர் வந்தாள். கல்யாணமான இரண்டாம் நாளே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஸ்டானிஸ்லாஸ் தன் தோல்வியெல்லாம் அவளிடம் சொன்னான். மறைக்கவில்லை, பூசவில்லை. கணக்கு வாத்தியார் விடைத்தாளை வகுப்பில் வாசித்துக் காட்டியது, கூடப் படித்தவர்கள் பெஞ்சில் தட்டிச் சிரித்தது, அப்பா மூன்று நாள் பேசாதது எல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு, "நீயும் எட்டாவதோட நின்னுட்டே. நல்லதாச்சு புஷ்பம். உன்கிட்ட எனக்கு வெக்கமே இல்ல. நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு" என்று சிரித்தான். ஒரு ஆண்பிள்ளை இவ்வளவு திறந்து பேசி அவள் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால்தான் உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதமாக, கொஞ்சல் மிஞ்சினால் அவளை அவன் பெஞ்சு என்றுதான் கூப்பிடுகிறான்.

மாலை வகுப்பு தொடங்கியதும் வேறொரு சோதனை வந்தது. வகுப்பில் கேட்டதை அவன் வீட்டில் வந்து இவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான். அப்படிச் சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறதாம். "கேளு புஷ்பம்" என்று தொடங்குவான். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

"ஓடற வண்டி ஏன் நிக்குது சொல்லு? களைச்சுப் போகுது. அவ்வளவுதான். மனுஷன் மாதிரி."

"அப்படிங்களா" என்பாள், கல்லைப் பொறுக்கிக்கொண்டே. அரிசியில் இல்லாத கல்லையெல்லாம் அந்த ஒரு மாதத்தில் அவள் பொறுக்கினாள்.

வியாழன் போய் வெள்ளி வந்தது. ஸ்டானிஸ்லாஸ் உதவி தேடி ஊர் சுற்றினான். பக்கத்து வீட்டு பாலன் தபாலாபீசில் குமாஸ்தா, பேனாவைக் காதில் செருகாமல் தெருவில் இறங்கமாட்டார். அவர் கணக்கைப் படித்துவிட்டு, "வேகம் டபுள், தூரம் டபுள். நானூறு. இதுல என்ன இருக்கு?" என்றார். மண்டி மொஹல்லாவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் நானூறு என்று டயரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியே காட்டினார். பாய்லர் பிரிவு சுப்பையா மட்டும் நானூற்றிப் பத்து என்றார். பத்து அடி எதற்கு என்று கேட்டதற்கு, இருக்கட்டும், ஜாக்கிரதைக்கு என்றார். போன வருஷம் தேர்தலில் ஓட்டுப் போட்ட மாதிரி இதற்கும் ஓட்டுப் போட்டிருந்தால், மைசூர் முழுக்க நானூறுதான் ஜெயித்திருக்கும். எண்ணூறுக்கு ஒரே ஓட்டு, அதுவும் வாயைத் திறக்காத ஓட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கைவிட்டுவிட்டான். சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒன்பது வருஷமா பிரேக் பூட்டறேன். என் கைக்குத் தெரியாததா ஒரு புஸ்தகத்துக்குத் தெரியும்? பிடு, ஆயித்து, விட்டாச்சு. எனக்கு இந்தப் படிப்பு எழுதி வைக்கலை."

சொல்லிவிட்டு நோட்டைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில், சிராய்த்தூளும் காகிதமும் போடும் பெட்டியில் வைத்தான். எறியவில்லை; மெதுவாக, ஓரம் மடங்காமல் வைத்தான். மறுநாள் குளியலுக்கு அடுப்பு மூட்டும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

மரியபுஷ்பம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாயைத் திறந்தால் அப்பா பொய்யர் ஆவார், இவள் எட்டு மாதம் நடித்தவள் ஆவாள், எல்லாவற்றையும்விட அந்தப் பெஞ்சு போய்விடும். திறக்காவிட்டால், தன்னால் முடியாது என்று இவன் ஆயுசுக்கும் நம்பிவிடுவான். முடியும் என்று அவளுக்குத் தெரியும். களைச்சுப்போன வண்டி என்று சொல்லுகிறவன், வண்டி ஏன் நிற்கிறது என்றாவது யோசிக்கிறான் அல்லவா? அவளோடு இண்டர் படித்தவர்களில் பாதிப் பேர் அதைக்கூட யோசித்ததில்லை. இருட்டுவதற்கு முன்னால் நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்து, தன் டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. குடியிருப்புக்குப் பின்னால் பட்டறைச் சுவரை ஒட்டி ஒரு நேர் சாலை. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆடுகூட நடக்காது. வரிசையாக மின்கம்பங்கள். ஸ்டானிஸ்லாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, அவள் பக்கத்தில் நடந்தாள்.

"ஏனுங்க, எனக்கொண்ணு தோணுது. நீங்க சிரிக்கக் கூடாதுங்."

"சொல்லு."

"அந்த வண்டிக் கணக்கை நம்ம சைக்கிள்ல ஓட்டிப் பார்த்துட்டா என்னங்க? மெதுவா வந்து ஒருக்கா பிரேக் போடுங்க. ரெண்டு பங்கு வேகமா வந்து ஒருக்கா போடுங்க. எங்கெங்க நிக்குதுன்னு அடி வெச்சுப் பார்த்துரலாமுங்களா?"

அவன் நின்றான். சிரிக்கவில்லை. பட்டறையில் பிரேக் பூட்டுவான், காற்றை உறிஞ்சி முள்ளைப் பார்ப்பான், கட்டை சக்கரத்தைக் கவ்வுகிறதா என்று தட்டிப் பார்ப்பான். எல்லாம் நிற்கிற வண்டியில். ஓடுகிற வண்டியில் அந்தப் பிரேக் என்ன செய்கிறது என்று பார்க்க அவனை யாரும் கூப்பிட்டதில்லை. இது இப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

"ரெண்டு பங்கு வேகம்னு எப்படித் தெரியும்? நம்மகிட்ட கடிகாரம் ஏது?"

"செபம் சொல்லி முட்டை வேக வைக்கறதில்லீங்களா?"

அதுதான் அவர்கள் வீடுகளில் வழக்கம். முட்டை வேக இத்தனை மங்கள வார்த்தை செபம், கஞ்சி கொதிக்க இத்தனை என்று எல்லாப் பெண்களுக்கும் கணக்குண்டு. ஜெபமாலை சொல்லும்போது அந்தச் செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்லுவார், பின்பாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்லுவார்கள். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு முழுச் செபத்தில் வந்தால் ஒரு வேகம். அதே தூரத்தை முன்பாதி முடிவதற்குள் வந்தால் இரண்டு பங்கு வேகம். மாதாவே, அவசரம், தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்று அவள் மனசுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"முன்பாதியும் பின்பாதியும் சரிபாதியா இருக்குமா?" என்றான் அவன். ஃபிட்டர் விழித்துக்கொண்டுவிட்டான். "பாதின்னா பாதியா இருக்கணும்."

தெருக்குழாய் ஒன்று வழக்கம்போல ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் முன்பாதியைச் சொல்ல, அவன் சொட்டுகளை எண்ணினான். பதினொன்று. பின்பாதியை அவன் சொல்ல, அவள் எண்ணினாள். அதுவும் பதினொன்று, பன்னிரண்டாவது சொட்டு குழாய் நுனியில் தொங்கியது. "சரி, பரவாயில்ல" என்று ஒப்புக்கொண்டான். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு மரச் சீவலைச் செதுக்கிக்கொண்டு வந்தான். அதைப் பின் பிரேக் பிடிக்கு உள்ளே செருகினால், எவ்வளவு அழுத்தினாலும் பிடி அந்த அளவுக்குத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் ஒரே பிரேக். இது அவளுக்குத் தோன்றியிருக்காது. திருச்சி ஆய்வுக்கூடத்தில் பித்தளைக் குண்டும் கண்ணாடிக் குழாயும் கொடுத்தார்களே தவிர, இந்த மாதிரிக் கை யாருக்கும் இருந்ததில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முதல் ஓட்டம். முதல் கம்பத்தை அவன் தாண்டும்போது, இரண்டாம் கம்பத்தடியில் நின்ற அவள் உரக்கத் தொடங்கினாள். முன்பாதி முடிந்ததும் சைக்கிள் மேலிருந்து அவன் பின்பாதியைச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் 'ஆமென்' சொல்லவும் இரண்டாம் கம்பம் வரவும் சரியாக இருந்தது. பிரேக். கம்பத்திலிருந்து நின்ற இடம் வரை செருப்பால் அளந்தான். ஆறு செருப்பு.

"அப்ப அடுத்தது பன்னெண்டு" என்றான், சந்தேகமில்லாமல்.

இதற்குள் கௌரம்மா வந்துவிட்டாள். எதிர்ச் சந்தில் இருக்கும் கன்னடக்காரி. பூக்கூடையோடு போனவள், ஒருத்தி கம்பத்தடியில் நின்று செபம் சொல்ல, புருஷன் சைக்கிளில் பதில் சொல்லிக்கொண்டு பறப்பதைக் கண்டு நின்றுவிட்டாள். "ஏனம்மா, யாவ ஹரகெ இது?" என்று கேட்டாள். இது என்ன நேர்த்திக்கடன் என்று அவளுக்குச் சந்தேகம். "பரீட்சைக்குங்க" என்றாள் மரியபுஷ்பம். அது பொய்யில்லை. பரீட்சை நேர்த்திக்கடன் எல்லா ஊரிலும் உண்டு என்பதால் கௌரம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பக்தியாக நின்றாள்.

இரண்டாம் ஓட்டத்துக்கு அவன் வெகுதூரம் போய்த் திரும்பி வந்தான். வேகம் பிடிக்கவில்லை, முன்பாதி முடியும்போது முக்கால் தூரம்தான் வந்திருந்தான். மறுபடி போனான். இந்தத் தடவை சட்டை புடைக்க, கால் தெரியாமல் மிதித்துக்கொண்டு வந்தான். முன்பாதி முடியவும் கம்பம் வரவும் சரியாக இருந்தது. அவன் பிரேக்கைப் பிடித்தான். பின்சக்கரம் கிறீச்சிட்டு வாலை ஆட்டியது. ஐயோ என்று அவள் கத்தியதை அவளே கேட்டாள். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு செருப்பு தாண்டியது, பதினைந்து தாண்டியது, புங்கமரத்து நிழலைத் தாண்டி, கடைசியில் ஒரு காலை ஊன்றி நின்றான்.

அளந்தான். இருபத்துமூன்று.

நம்பாமல் மறுபடி ஓட்டினான். இருபத்தைந்து. இன்னொரு தடவை. இருபத்துநாலு. மூன்றாம் தடவை கௌரம்மா இரண்டு கையையும் கூப்பினாள்.

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து பிரேக் கட்டையைத் தொட்டான். "சுடுது" என்று விரலை உதறினான். பிறகு சாலையோரம் அப்படியே குந்திவிட்டான். வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

"நாலு மடங்கு. புஸ்தகம் சரி. நான்தான் தப்பு." அவன் குரலில் வருத்தமே இல்லை, பண்டிகைக்குப் புதுச் சட்டை கிடைத்த பையன் மாதிரி இருந்தான். "ஆனா ஏன்? ரெண்டு ஏன் இல்ல? நாலு ஏன்?"

அந்த 'ஏன்'தான் அவளைக் கவிழ்த்துவிட்டது. விடை கேட்டிருந்தால் சமாளித்திருப்பாள். ஏன் என்று கண் பளபளக்கக் கேட்கிறவனிடம் எப்படி வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது? அவளும் குந்திவிட்டாள்.

"வேகம் ரெண்டு பங்குன்னா, நிறுத்தறதுக்கு ஆகற நேரமும் ரெண்டு பங்குங்க. ஏன்னா பிரேக் அதே பிரேக்குதானே. ஆனா அந்த ரெண்டு பங்கு நேரமும் வண்டி சும்மா இருக்குதுங்களா? ரெண்டு பங்கு வேகத்துல ஓடிக்கிட்டே இருக்குது. ரெண்டு பங்கு நேரம், ரெண்டு பங்கு வேகம். ரெண்டு ரெண்டு நாலு. அதனாலதாங்க கைனடிக் எனர்ஜில வேகத்தை ஒருக்கா பெருக்கினாப் பத்தாது, இன்னொருக்காவும் பெருக்கோணும். பாருங்க." ஒரு குச்சியை எடுத்துப் புழுதியில் எழுதினாள். அரை, எம், வி ஸ்கொயர். "மூணு பங்கு வேகம்னா ஒன்பது பங்கு தூரம். நாலுன்னா பதினாறு. இருபது டன் வண்டியா இருந்தாலும் சைக்கிளா இருந்தாலும் அதேதான்."

ஆங்கில எழுத்துகள் புழுதியில் வரிசையாக, சாய்வாக, கை பழகிய எழுத்தாக நின்றன. அவன் எழுத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி எழுத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவள் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

ஹரகெ முடிந்தது என்று நினைத்துக் கௌரம்மா ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போனாள்.

"எத்தனாவது?" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"இண்டருங்க. பிசிக்ஸ்ல நூத்துக்கு எழுபத்தொண்ணு." மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? அப்பா, மூன்று இடம், மோலி அக்காவின் நிபந்தனை, எட்டாவது என்ற ஒரு சொல், எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சைக்கிள் பிடியிலிருந்த மரச் சீவலை உருவிப் பையில் போட்டுக்கொண்டான்.

"படிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை" என்றான் கடைசியில். "ஒரு மாசமா நான் உனக்குப் பாடம் நடத்தினேனே. வண்டி களைச்சுப் போகுதுன்னு சொன்னேனே. அப்ப உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"இல்லீங்க." அவள் குரல் உடைந்துவிட்டது. "சத்தியமா இல்லீங்க. ஒரே பெஞ்சுன்னு சொன்னீங்க. அதுல இருந்து எந்திரிக்க எனக்கு மனசு வரலீங்க."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான். அன்று முழுக்கப் பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து, சாப்பாட்டுத் தூக்கின்மேல் வைத்தாள். அவன் இரண்டையும் எடுத்துக்கொண்டான். போய்ட்டு வரேன் பெஞ்சு என்று சொல்லாமலே போனான்.

அன்றைக்கு மரியபுஷ்பம் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள், கிழித்தாள். இன்னொன்று எழுதினாள், அதையும் கிழித்தாள். அரிசியில் உண்மையாகவே கல் இருந்தது, அது கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டறைச் சங்கு ஊதிற்று. வகுப்பு முடிகிற நேரமும் வந்தது. விளக்கேற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் மணி கேட்டது.

அவன் உள்ளே வந்தான். நோட்டை விசிறவில்லை. அவள் கையில் கொடுத்தான். எண்ணூறு அடி, பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் பெரிய சரிக்குறி.

"திருநாராயணன் சார் விடமாட்டேன்னுட்டாரு" என்றான், செருப்பைக் கழற்றிக்கொண்டே. மேல்கோட்டைக்காரரான அந்த இளம் என்ஜினியர்தான் வகுப்பு எடுப்பவர். "மூணு தடவை நானூறுன்னு எழுதினவன் திடீர்னு எண்ணூறு எழுதினா யாரைப் பார்த்து எழுதினேன்னு கேக்கமாட்டாரா? போர்டுக்குக் கூப்பிட்டாரு. நான் கம்பம் போட்டேன், சைக்கிள் போட்டேன், செபத்தையும் போட்டேன். ரெண்டு ரெண்டு நாலுன்னேன். சார் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு. இதை யார் சொல்லிக் கொடுத்ததுன்னாரு."

அவள் நோட்டை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரி, இண்டர் பாஸுன்னேன். பதினாலு பேரும் சிரிச்சானுங்க. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புல சிரிச்சாங்களே, அதே சிரிப்பு. நானும் சேந்து சிரிச்சேன். ஏனோ தைக்கவே இல்ல புஷ்பம். பேரு பட்டியல்ல ஏறிடுச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் அவளை அழவிட்டு, தரையில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. நேத்துலேர்ந்து அதையேதான் யோசிக்கறேன். ரெண்டாவது ஓட்டத்துல பிரேக் பிடிச்சப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். உனக்குத்தான் விடை முன்னாடியே தெரியுமே. தெரிஞ்சவ எதுக்கு அப்படிப் பயந்து கத்தினே?"

மரியபுஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு மடங்குன்னு தெரிஞ்சதாலதாங்க பயந்தேன். தெரியாதவளா இருந்தா ரெண்டு மடங்குதானுங்களே பயந்திருப்பேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உங்கப்பாவுக்கு எழுது" என்றான். "எட்டாவது படிச்ச உங்க பொண்ணு மைசூர் வந்து எட்டு மாசத்துல இண்டர் பாஸ் பண்ணிட்டா, இந்த ஊர்த் தண்ணி அப்படின்னு எழுது. பெரியவர் நிம்மதியாத் தூங்கட்டும்."

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெஞ்சு அதேதான்" என்றான். "பக்கத்துல தெரிஞ்சவளை வெச்சுக்கிட்டு ஒரு மாசம் எட்டிப் பார்க்காம எழுதினேன் பாரு, என்னைப் போல மடையன் உண்டா? நகந்து உக்காரு."

அவள் நகர்ந்தாள். அவன் நோட்டை இருவருக்கும் நடுவில் விரித்தான். புதுப் பாடம். வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேளு புஷ்பம்" என்று ஆரம்பித்தான்.

"ஓடற வண்டிக்குள்ள இயக்க சக்தி இருக்கு. பிரேக் போட்டதும் வண்டி நின்னுடுது. அப்ப அந்த சக்தி செத்துப் போகுது."

முறம் அவள் மடியில் இல்லை. பொறுக்கக் கல்லும் இல்லை. எட்டு மாதத்தில் ஒருநாளும் சொல்லாத சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவன் அதற்காகவே காத்திருப்பவன் மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்புங்க" என்றாள்.

"தப்பா? பின்னே எங்க போச்சு?"

"சாகலீங்க. சூடா மாறிடுச்சு. நேத்துப் பிரேக் கட்டையைத் தொட்டுட்டு உதறினீங்களே, அதுதாங்க."

ஸ்டானிஸ்லாஸ் தன் விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அந்தக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பக்கத்தைப் புரட்டினான்.